பிரீத்திகா எழுதிய அரைத்தாள்

வால்பாறை மேல் எஸ்டேட்
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியா எழுதிக்கறேன். நான் நல்லா இருக்கேனுங்க்கா. நீங்க, மாமா, பிரீத்திகா எல்லாரும் சௌக்கியம்தானுங்களே? உங்க முட்டி வலி எப்படி இருக்குதுங்க?

இங்க அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு டீச்சரா சேர்ந்து ஒரு வாரம் ஆச்சு. வால்பாறையிலிருந்து பஸ்ல இன்னும் முக்கால் மணி நேரம் வரணும். டவர் கிடையாது. மாசம் ஒருக்கா கிணத்துக்கடவு ஊட்டுக்கு வரும்போதுதான் போன். அதனால எழுதறேன். இன்னொரு காரணமும் இருக்குதுங்க்கா. போன்ல நான் பாதி சொல்றதுக்குள்ள நீங்க தீர்ப்புச் சொல்லிப்போடுவீங்க. கடுதாசின்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும்.

ஒன்பதாம் வகுப்புல இருபத்தாறு பிள்ளைங்க. முக்காவாசிப் பேரு தேயிலை பறிக்கறவங்க பிள்ளைங்க. கணக்கு வருமான்னு கேட்டா, சொந்தப் பேரைச் சொல்ற மாதிரி "எனக்கு வராதுங்க டீச்சர்"னு சொல்றாங்க. அதனால ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். சின்ன டெஸ்ட் வெச்சா, மார்க் போடறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு அரைத்தாள் குடுக்கறேன். இதுக்கு நீ எப்படிப் படிச்சே, எந்த இடத்துல நின்னுபோச்சு, அடுத்த தடவை எதை மாத்துவே? இவ்வளவுதான் கேள்வி. அதை நான் மட்டும்தான் படிப்பேன், வேற யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

பின்னம் சொல்லிக்குடுக்க நீங்க ஒரு வழி வெச்சிருந்தீங்களே, அதை எழுதுங்க. எனக்குக் கணக்கு வந்ததே உங்களாலதான்.

உடம்பைப் பாத்துக்குங்க.
உங்கள் தங்கை,
லோகப்பிரியா


சிங்காநல்லூர்
30.6.2024

பிரியமுள்ள அம்மணி லோகப்பிரியாவுக்கு அக்கா வேலுமணி எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இங்கு எல்லோரும் சுகம். மாமாவுக்குப் பட்டறையில் வேலை அதிகம், மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. என் முட்டி வலி அப்படியேதான். பத்தாம் வகுப்பை இந்த வருடமும் இரண்டாம் மாடியில் போட்டிருக்கிறார்கள்.

பின்னத்துக்கு ஒரு நீளமான காகிதத் துண்டைக் கொடுத்து மடிக்கச் சொல். பாதி, பாதியில் பாதி. மடித்த பிறகுதான் எழுத வேண்டும். முதல் நாளே கரும்பலகைக்குப் போகாதே.

அரைத்தாள் விஷயம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபத்து மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன், அதை எழுதும் பத்து நிமிடத்தில் இரண்டு கணக்குப் போட வைத்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றி என்ன தெரியும்? நமக்குத்தான் தெரியும். ஜனவரியில் மாவட்டப் பயிற்சி நடக்கும். மற்ற கணக்கு ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க ஒன்பது வருடமாக என்னைத்தான் கருத்தாளராகக் கூப்பிடுகிறார்கள். அப்போது நீயும் வந்து உட்கார். உபயோகமாக இருக்கும்.

பிரீத்திகா இந்த வருடம் பத்தாவது. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை நானே பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வைக்கிறேன். போன வாரம் வைத்த டெஸ்டில் நாற்பத்தொன்று. கணக்கு டீச்சரின் மகள். ஸ்டாஃப் ரூமில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

மழைக்கு அட்டைப்பூச்சி இருக்கும், உப்பு வைத்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
அக்கா


வால்பாறை மேல் எஸ்டேட்
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடலைங்க்கா. துணி காயறதில்லை, மத்தபடி நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிக்கு எண்ணெய் குடுத்தனுப்பறேன்னு எங்க ஊட்டுக்காரர் சொன்னாங்க, வந்துச்சுங்களா?

காகிதம் மடிக்கறது நல்லா வேலை செஞ்சுது. பிள்ளைங்க உங்களை "மடிக்கிற டீச்சர்"னு சொல்றாங்க.

ரம்ஷான்னு ஒரு பொண்ணு. பஸ் நிக்கற இடத்துல அவ அத்தா டீக்கடை வெச்சிருக்கார். "மூணு தடவை படிச்சேன் டீச்சர், எல்லாம் தெரிஞ்சுது, பரீட்சையில மட்டும் மறந்துபோகுது"ன்னு நாலு டெஸ்டுக்கும் ஒரே மாதிரி எழுதினா. அஞ்சாவது தடவை அவளைக் கூப்பிட்டு, "புஸ்தகத்தை மூடிப்போட்டு சொல்லு கண்ணு"ன்னேன். அஞ்சு நிமிஷம் நின்னா, ஒரு வரி வரலை. அடுத்த அரைத்தாள்ல என்ன எழுதியிருந்தா தெரியுங்களா? அவகிட்ட கேட்டுட்டுத்தான் உங்களுக்குச் சொல்றேன். "பக்கத்தைப் பாக்கும்போது தெரியறது புஸ்தகத்துக்குத் தெரியறது. எனக்குத் தெரியறது இல்லை." நான் சொல்லிக்குடுக்கலைங்க்கா. அவளே கண்டுபிடிச்சா. இப்ப ஒரு பக்கம் படிச்சா மூடி வெச்சு எழுதறா, அப்புறம்தான் திறந்து பாக்கறா. பதினெட்டு வாங்கிட்டிருந்தவ இப்ப நாப்பது.

காலாண்டு லீவுக்கு பிரீத்திகாவை இங்க அனுப்புறீங்களா? ஊட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து கூட்டிட்டு வந்துடுவாங்க. குளிரா இருக்கும், ஸ்வெட்டர் வேணும். மாமாவையும் கேட்டுச் சொல்லுங்க.

பிரியா


வால்பாறை மேல் எஸ்டேட்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதை பிரீத்திகா கையிலேயே குடுத்தனுப்பறேன். அவளை அனுப்பினதுக்கு சந்தோஷமுங்க்கா. ஒன்பது நாளும் ஜலதோஷம்கூட இல்லாம இருந்தா. நீங்க குடுத்துவிட்ட முப்பது மாதிரி வினாத்தாள்ல பதினொண்ணுதான் போட்டா. திட்டாதீங்க, அது என்னோட யோசனை.

நான் அவளுக்குக் கணக்கு எதுவும் புதுசா சொல்லித் தரலை. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான், உள்ளதான் இருக்கு. ஒவ்வொரு தாளுக்கும் எங்க நின்னுபோச்சுன்னு எழுதச் சொன்னேன். கடைசி நாள் ஒண்ணு எழுதினா. அது அவளோட தாள்னு அவகிட்டயே குடுத்துட்டேன். அவளாக் காட்டினா பாருங்க. கேக்காதீங்க.

மாமாவுக்குத் தேயிலைத்தூள் வெச்சிருக்கேன். நீங்களும் குடிங்க, சர்க்கரை கம்மியாப் போட்டு.

பிரியா


சிங்காநல்லூர்
10.11.2024

தங்கை லோகப்பிரியாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

பிரீத்திகா இடைப்பருவத் தேர்வில் அறுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். இப்போதெல்லாம் ஆறு மணிக்குப் புத்தகத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் டீ எடுத்துக்கொண்டு போனால் "அங்கயே வெச்சிருங்கம்மா" என்கிறாள். உள்ளே தானாக முணுமுணுத்துக்கொண்டு போடுகிறாள். ஒரு நாள் சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. கணக்குப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். என்னம்மா, சித்தி அப்படி என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்டேன். "சித்தி ஒண்ணும் சொல்லித்தரலை. கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள். பத்து வருடமாக நான் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு ஒன்பது நாள் போதுமாக இருந்தது.

அந்தத் தாளை நான் கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை.

ஜனவரிப் பயிற்சிக்குக் கருத்தாளர் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. யார் பெயர் இருக்கிறது என்று சொல்ல அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, எனக்கு வாழ்த்துச் சொன்னார். "உங்க தங்கச்சிதானுங்களே டீச்சர், பெருமையா இருக்குமே" என்றார். ஆமாம் என்றேன். தீபாவளிக்கு வந்து என் கையால் சுட்ட ஒப்பிட்டுப் போளியைச் சாப்பிட்டாயே, அன்றைக்கே உனக்குத் தெரியுமா?

வேலுமணி


வால்பாறை மேல் எஸ்டேட்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கடுதாசி வந்து நாலு நாள் ஆச்சு. முட்டி வலி பத்தி நீங்க எழுதவே இல்லை. தேவலையா?

தெரியுமுங்க்கா. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி தெரியும். சொல்லணும்னுதான் வந்தேன். அடுப்படியில மூணு தடவை வாயெடுத்தேன். அப்ப நீங்க போன வருஷப் பயிற்சியில எல்லாரும் எழுந்திரிச்சு கை தட்டினதைச் சொல்லிட்டிருந்தீங்க. பயமாப் போச்சு. அரைத்தாளைப் பத்தி எங்க தலைமையாசிரியர் மேல எழுதிப்போட்டார், நான் கேக்கலை. அக்காவும் நானும் சேர்ந்து எடுக்கறோம்னு சொன்னேன். ஒருத்தர்தான் முடியும்னுட்டாங்க.

நீங்களும் வாங்கக்கா. முன் வரிசையில உட்காருங்க. நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.

உடம்பைப் பாத்துக்குங்க. மாமாவுக்கு என் வணக்கம்.
பிரியா


வால்பாறை மேல் எஸ்டேட்
5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமா உங்ககிட்டயிருந்து ஒண்ணும் வரலை. ஊட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?

எனக்கு மனசு சரியில்லைங்க்கா. என் மேல ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கு. கீழ 'பெற்றோர்'னு மட்டும் போட்டு, பொள்ளாச்சியில தபால்ல சேர்த்திருக்காங்க. பாடத்தை முடிக்காம பிள்ளைங்களை ஊட்டுக் கதை எழுத வெக்கறேனாம். குடும்ப விஷயமெல்லாம் எழுதி வாங்கறேனாம். டிசம்பர் 17 அன்னைக்கு விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். போர்ஷன் முடிச்சிருக்கறதைக் காட்டினேன். அவர் அரைத்தாள் கட்டு மொத்தத்தையும் கேட்டார். யாருக்கும் காட்ட மாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன் சார்னு சொன்னேன். குடுங்கன்னார்.

வகுப்புலயே நின்னு படிச்சார். ரம்ஷாவோடது சத்தமா. "நான் மூடி வெச்சு ஒப்பிக்கும்போது அம்மா புத்தகத்தைப் பிடிச்சுட்டு சரி சரின்னு தலை ஆட்டுவாங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சில நாள் தலைகீழாப் பிடிச்சிருப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். அவங்க கேட்டுட்டு இருந்தாலே எனக்கு ஞாபகம் வருது." வகுப்பு சிரிச்சுப்போட்டுச்சு. அவர் வேணும்னு பண்ணலைங்க்கா, என்ன எழுதியிருக்குன்னு தெரியாமதான் படிச்சார். படிச்சு முடிச்சு அவருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா படிச்சாச்சே.

அன்னைக்கிலிருந்து ரம்ஷா வெறும் தாள்தான் குடுக்கறா. எங்கிட்ட பேசறதே இல்லை. வருஷப் பரீட்சை முடியற வரைக்கும் அரைத்தாள் வேண்டாம்னு உத்தரவு. பயிற்சிக்கும் வேற ஆளைப் போட்டுட்டாங்க.

விளக்கம் எழுதிக் குடுக்கணும். அதிகாரிங்களுக்கு எழுதறது எனக்கு வராது, நீங்கதான் எழுதித் தரணும். யார் இப்படிச் செஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். இங்க எந்தத் தாய் தகப்பனுக்கும் இப்படி எழுத வராதுங்க்கா.

பிரியா


சிங்காநல்லூர்
19.1.2025

பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு சுகம். எனக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னார், பெரிதாக ஒன்றும் இல்லை.

போர்ஷன் முடித்த தேதிகளை வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. அது போதும். யார் எழுதினார்கள் என்று தேடிக்கொண்டிருக்காதே. தேடினால் உனக்குத்தான் மனக்கஷ்டம்.

அந்தப் பெண் எந்த வகுப்பு என்று சொன்னாய்? ஒன்பதுதானே?

அக்கா


சிங்காநல்லூர்
2.2.2025

அன்பான சித்திக்கு,

எப்படி இருக்கீங்க? சித்தப்பா எப்படி இருக்காங்க? நான் நல்லா இருக்கேன். ரெண்டாவது ரிவிஷன்ல எழுபத்திரண்டு. எழுபதுதான் வரும்னு நெனச்சேன்.

அம்மாவுக்குத் தெரியாம எழுதறேன். அம்மா ஒரு மாசமா சரியாச் சாப்பிடறதில்லை. ஸ்கூல் விட்டு வந்தா என் ரூம் கதவுக்கு வெளிய ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கறாங்க. உள்ளயும் வர்றதில்லை, எழுந்து போறதும் இல்லை.

நேத்து நானே அந்த அரைத்தாளை எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன் சித்தி. நீங்க படிச்சதுதானே: "அம்மா பக்கத்துல உட்கார்ந்தா விடை தெரிஞ்சாலும் பேனா நகராது. அம்மா மூச்சு விடறதைக் கேட்டே தப்பா சரியான்னு தெரிஞ்சுக்கறேன். அப்புறம் கணக்கைப் பாக்கறதை விட்டுட்டு அம்மா மூஞ்சியைத்தான் பாக்கறேன்." அம்மா திட்டுவாங்கன்னு நெனச்சேன். அதை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க, பிரிக்கவே இல்லை. "நான் அக்டோபர்லயே உன் பையில எடுத்துப் படிச்சுட்டேன் கண்ணு"ன்னாங்க. "நான் எங்க உட்காரட்டும்?"னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. ஹால்ல உட்காருங்கம்மா, நின்னுபோச்சுன்னா நான் வந்து கேக்கறேன்னு சொன்னேன். சரின்னாங்க.

அம்மாகிட்ட நீங்க பேசுங்க சித்தி. உங்க பேரை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போயிடறாங்க.

உங்கள்,
பிரீத்திகா


சிங்காநல்லூர்
9.2.2025

பிரியா,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நேராக எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

அக்டோபரில் பிரீத்திகாவின் பையில் அந்தத் தாளைப் படித்தேன். உன்னிடம் பார்க்கவில்லை என்று பொய் எழுதினேன். பெற்ற பிள்ளை என்னிடம் சொல்லாததை உன்னிடம் எழுதியிருந்தாள். அப்புறம் பட்டியல் வந்தது. அப்போதுகூட நான் எதுவும் செய்யவில்லை. பிறகு உன் கடிதம் வந்தது. "நீங்களும் வாங்க, முன் வரிசையில உட்காருங்க" என்று எழுதியிருந்தாய். நீ நல்ல மனதோடுதான் எழுதினாய். எனக்கு, ஒன்பது வருடம் நான் நின்ற மேடையில் நீ நிற்பதும் நான் கீழே உட்கார்ந்து தலையாட்டுவதும்தான் கண்ணில் தெரிந்தது. நவம்பர் 30, சனிக்கிழமை. மாமா சாப்பிட வந்த நேரத்தில் பட்டறைக்குப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் அடித்தேன். சிங்காநல்லூர் முத்திரை விழக்கூடாது என்று உக்கடம் போய் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் இறங்கிப் பெட்டியில் போட்டேன். போகும்போதும் வரும்போதும் கிணத்துக்கடவைத் தாண்டினேன். இரண்டு தடவையும் உன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி வலி அன்றைக்குத் தெரியவே இல்லை.

உன் பெயர் கெட வேண்டும் என்றுதான் எழுதினேன். ஒரு பெண் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். ஆசிரியர்தானே நான்.

வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்துக்கு நேரில் போய், நான்தான் எழுதினேன், அதில் உண்மை இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. மாமாவிடமும் பிரீத்திகாவிடமும் சொல்லிவிட்டேன்.

வேலுமணி


கிணத்துக்கடவு
20.4.2025

அக்காவுக்கு,

நான் இருக்கேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.

ரெண்டு மாசமா எத்தனையோ தடவை எழுத உக்காந்தேன். முதல்ல எழுதினதையெல்லாம் கிழிச்சுப்போட்டேன், அதெல்லாம் நீங்க படிக்க வேண்டாம். எங்க ஊட்டுக்காரர் உங்க ஊட்டுக்கு வந்து கேக்கறேன்னு கிளம்பினாங்க. நான்தான் வண்டிச் சாவியை எடுத்து வெச்சுக்கிட்டேன்.

உங்க கையெழுத்துக் கடுதாசி போனதால என் மேல இருந்ததை எடுத்துட்டாங்க. ஜூன்லிருந்து அரைத்தாள் குடுக்கலாம். உங்களை எச்சரிச்சு விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுல எனக்கு சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஒண்ணு சொல்லிடறேன். பிரீத்திகா அந்தத் தாளை எழுதிக் குடுத்தப்ப ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை எதுக்குப் படிச்சேன்னு எனக்குத் தெரியும். எட்டாவதிலிருந்து நான் 'வேலுமணி தங்கச்சி'. காலேஜ்ல, வேலையில, எங்க போனாலும். உங்க பொண்ணு உங்களை விட்டுட்டு எங்கிட்ட எழுதினா. அது எனக்கு இனிப்பா இருந்துச்சு. போய் அம்மாகிட்ட சொல்லு கண்ணுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லலை. அதுக்காக நீங்க செஞ்சது சின்னதாயிடாது. ஆனா உங்களுக்கு மட்டும்தான் பொறாமைன்னு நீங்க நெனச்சுக்கறது சரியில்லை.

கடைசி நாள் ரம்ஷா வந்து, "யாருங்க டீச்சர் எழுதினது?"ன்னு கேட்டா. நாலு மாசத்துல அவ எங்கிட்ட பேசின முதல் வார்த்தை. தெரியாதுன்னு பொய் சொல்லிப்போட்டேன். எங்கக்கான்னு சொல்ல வாய் வரலை. அந்தப் பொய்யை நான் வெச்சுக்க முடியாதுங்க்கா. பள்ளிக்கூடம் திறந்ததும் நீங்க வந்து சொல்லணும்.

லோகப்பிரியா


சிங்காநல்லூர்
22.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். மலை இறங்கும்போது இரண்டு தடவை வாந்தி, வேறு ஒன்றும் இல்லை. நீ சாக்பீஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்த எலுமிச்சை உதவியது. நீ இளைத்துப் போயிருக்கிறாய். சாப்பிடு.

நீ வகுப்புக்குப் போன பிறகு நடந்ததை உன்னிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

மரத்தடியில் ரம்ஷாவிடம் சொன்னேன். முந்தின நாள் முழுக்க வார்த்தை கோத்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "உன் டீச்சர் மேல எனக்குப் பொறாமை கண்ணு. அதனால தப்பா ஒரு கடுதாசி எழுதிட்டேன். உன் தாளைச் சத்தமாப் படிச்சது அதனாலதான்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெரியவங்களுக்கும் பொறாமை வருமாங்க?" என்று கேட்டாள். வரும் என்றேன். பிறகு, "எங்கம்மாகிட்டயும் சொல்வீங்களா?" என்றாள்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவள் முன்னால் நடக்க, டீக்கடைக்குப் போனேன். அவள் அம்மா இஸ்மத் வடை போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஆறு மாசமா இவ எங்கிட்ட ஒப்பிக்கறதே இல்லைங்க. நான் என்ன தப்புச் செஞ்சேன்னு தெரியாமக் கிடந்தேன். இதுதானா?" என்றார். மகள் பக்கம் திரும்பி, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது ஊருக்கே தெரியும். உனக்கு எதுக்குடி வெட்கம்?" என்றார். பிள்ளை அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு டீ கொடுத்தார், குடித்தேன்.

பஸ் வருவதற்கு முன்னால் உன் வகுப்பு ஜன்னல் ஓரமாக இரண்டு நிமிடம் நின்றேன். நீ யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை. மற்ற இருபத்தைந்து பேரும் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ரம்ஷா கொஞ்சம் தாமதமாக உள்ளே வந்து, உன் மேசையிலிருந்து ஒரு அரைத்தாள் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பிரியா, அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இனி அதை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை.

ஆடி நோன்புக்கு மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வா. அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா